கத்தரிக்கோல் யார் கையில்? – ஆட்ட உடையும் சாதியும்

(நினைவுப் பேருரை – காவலூர், ஜவ்வாது மலை)



யாருடைய நினைவில் இன்று கூடியிருக்கிறோமோ அந்தத் தோழர் புகழுரைகளை விரும்பியவர் அல்ல. கூட்டத்துக்கு வந்த பிள்ளைகள் ஒரு புதுச் செய்தியோடு வீடு திரும்ப வேண்டும் என்பதுதான் அவருடைய எதிர்பார்ப்பு. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாணவி தன் கைப்பேசியில் இரண்டு காணொளிகளைக் காட்டினார். ஒன்று பாலே. இடுப்பைச் சுற்றித் தட்டுபோல விரிந்து நிற்கும் வெள்ளைப் பாவாடை கட்டிய பெண், கால் நுனியில் நின்று சுழல்கிறார். அந்தப் பாவாடைக்கு டூட்டூ என்று பெயர். இன்னொன்று ஏதோ ஓர் ஊர்த் திருவிழாவில் எடுத்த கரகாட்டம். தலையில் செம்பு, முழங்காலுக்கு மேலே நிற்கும் ஜிகினாப் பாவாடை. மாணவி கேட்டார்: "மேடம், ரெண்டு பாவாடையும் ஏறக்குறைய ஒரே அளவுதான். இத எங்க வீட்ல எல்லாரோடயும் உக்காந்து பாக்கலாம். அதப் பாத்தா திட்டுவாங்க. ஏன்?"

அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைய உரை அந்தக் கேள்விக்கான பதில் முயற்சி.

கேள்வி எனக்குச் சுருக்கென்று பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. என் சின்னம்மா இருபது ஆண்டுகளுக்கு மேல் கரகம் ஆடியவர். அவர் கட்டி வாங்கிய ஃபீஸில்தான் நான் பட்டப்படிப்பு முடித்தேன். கல்லூரியில் யாராவது "வீட்ல என்ன பண்றாங்க?" என்று கேட்டால், "விவசாயம்" என்று சொல்லியிருக்கிறேன். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தது சின்னம்மாவின் பாவாடை அளவு. அதை இன்று இந்த மேடையில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

இந்தக் காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி இருக்கிறது. வெகு தூரத்தில் இருப்பதைப் பார்ப்பதற்காக வைத்தது. நானும் கொஞ்சம் தூரம் போய் பாரிஸைப் பார்த்துவிட்டு, நம் ஊருக்குத் திரும்பி வருகிறேன்.

பாலே அரசவையில் வளர்ந்த கலை. ஆரம்பத்தில் பெண்கள் தரையைத் தொடும் கனத்த உடைகளில்தான் ஆடினார்கள். 1730-களில் மாரி கமார்கோ என்ற ஆட்டக்காரி கால் வேலைப்பாடு தெரிய வேண்டும் என்பதற்காகப் பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே உயர்த்தினார். அது அன்றைக்குப் பரபரப்பான செய்தி. 1832-இல் மாரி தக்லியோனி 'லா சில்ஃபீட்' நாடகத்தில் மெல்லிய வெள்ளை மஸ்லின் பாவாடையில் ஆடினார். மணிபோல விரிந்த அந்தப் பாவாடைதான் டூட்டூவுக்கு மூதாய். பிறகு கால் எவ்வளவு உயரம் போனதோ அவ்வளவுக்குப் பாவாடையும் ஏறியது. உடை வேலையிலிருந்து பிறந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஆனால் அந்த வெள்ளைப் பாவாடைக்கு உள்ளே இருந்தவர்கள் யார்? பாரிஸ் ஆபரா அரங்கில் ஆடிய சிறுமிகளில் பெரும்பாலோர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். அரங்குக்குச் சந்தா கட்டிய பணக்கார ஆண்களுக்கு, மேடைக்குப் பின்னால் ஆட்டக்காரிகள் பயிற்சி செய்யும் கூடத்துக்குள் நுழையும் உரிமை இருந்தது. ஓவியர் தெகா வரைந்த பாலே படங்களில் ஓரமாகக் கறுப்புக் கோட்டுப் போட்ட ஆண்கள் நிற்பார்கள். அவர்கள் இவர்கள்தான்.

அதே தெகா 1881-இல் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் மெழுகுச் சிலையைக் காட்சிக்கு வைத்தார். அதற்கு உண்மையான துணியில் டூட்டூ கட்டியிருந்தார். சிலைக்கு நின்ற சிறுமி மாரி வான் கோதெம். தாய் சலவைத் தொழிலாளி, தந்தை தையற்காரர். சிலையைப் பார்த்த விமர்சகர்கள் குரங்கு என்றார்கள், ஒழுக்கக்கேடு முகத்திலேயே தெரிகிறது என்றார்கள். தேவதை வேடத்தில் மேடையில் நின்றால் அந்தப் பாவாடை புனிதம். சலவைக்காரி மகள் தன் முகத்தோடு நின்றால் அதே பாவாடை குற்றத்தின் அடையாளம். அடுத்த ஆண்டே அவளை அரங்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். மேற்கே இருந்ததெல்லாம் கலைக்கான மரியாதை, கிழக்கே இருப்பதெல்லாம் இழிவு என்று நினைக்க வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இன்னொரு பெயர் எம்மா லிவ்ரி. எரிவாயு விளக்குகள் இருந்த காலம். பாவாடையில் தீப்பிடிக்காமலிருக்க ரசாயனக் கரைசலில் நனைக்கும் முறை அப்போதே இருந்தது. ஆனால் அப்படி நனைத்த துணி விறைத்து, பழுப்பேறிப் போகும். பார்வையாளர்களுக்குப் பளிச்சென்ற வெள்ளை வேண்டும். எம்மா நனைத்த பாவாடையை மறுத்தார். 1862 நவம்பரில் ஒத்திகையில் பாவாடை தீப்பற்றியது. எட்டு மாதம் துடித்து இறந்தார். பார்ப்பவரின் கண்ணுக்காக ஆடுபவரின் உடல் எரிந்த கதை இது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கு 1946 பிப்ரவரியில் 'ஸ்லீப்பிங் பியூட்டி' பாலேயோடு மீண்டும் திறந்தது. அப்போது பிரிட்டனில் துணி வாங்கக் கூப்பன் வேண்டும். 1949 வரை அந்தக் கட்டுப்பாடு நீடித்தது. அந்தத் தட்டுப்பாட்டில் மேடை முழுக்கப் பட்டும் சரிகையுமாக ஆடியதைக் கண்டு மக்கள் போர் முடிந்ததை நம்பினார்கள். 1950-இல் நியூயார்க்கில் கரின்ஸ்கா என்ற தையல் மேதை டூட்டூவிலிருந்த கம்பி வளையத்தை எடுத்துவிட்டு, வலைத்துணியைச் சிறு சிறு அடுக்குகளாகத் தைத்து மென்மையாக நிற்க வைத்தார். நடனக்காரிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடினாலும் பாவாடை முட்டாது. போருக்குப் பின் நைலான் வந்ததும் வலைத்துணி மலிவானது, எடை குறைந்தது.

இந்த நைலான் வலைத்துணி நம்மூர்க் கடைவீதியிலும் கிடைக்கிறது. "நெட்டுத் துணி" என்போம். பாவாடை புடைத்து நிற்க உள்ளே வைத்துத் தைப்பதை நம் தையற்காரர்கள் "கேன்கேன்" என்கிறார்கள். அது பாரிஸில் பிறந்த ஓர் ஆட்டத்தின் பெயர். என் சின்னம்மாவின் பாவாடைக்குள்ளும் கேன்கேன்தான் இருந்தது. துணி ஒன்று. அளவு ஒன்று. மரியாதை மட்டும் வேறு.

மேற்கிலும் உள்ளே நுழைய முடியாதவர்கள் இருந்தார்கள். பாலேயில் காலுறையும் காலணியும் இளஞ்சிவப்பு. அதை "தோல் நிறம்" என்றார்கள். யாருடைய தோல்? 1969-இல் நியூயார்க் ஹார்லெமில் கறுப்பினக் கலைஞர் ஆர்தர் மிட்செல், கரேல் ஷூக் என்பவரோடு சேர்ந்து ஒரு நடனக் குழு தொடங்கினார். 1970-களின் நடுவில் அந்தக் குழுவின் ஆட்டக்காரிகள் இளஞ்சிவப்பைக் கைவிட்டு, அவரவர் தோல் நிறத்தில் சாயமேற்றிய காலுறையும் காலணியும் அணிந்தார்கள். லண்டனில் ஒரு பெரிய காலணி நிறுவனம் பழுப்பு நிறத்தில் பாலே காலணி செய்து விற்க 2018 வரை ஆயிற்று. அதுவரை கறுப்பின ஆட்டக்காரிகள் தாங்களே முகப்பூச்சைக் குழைத்துக் காலணிக்குப் பூசிக்கொண்டார்கள். அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது அரங்க முதலாளிகள் அல்ல, ஆடியவர்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

நம் ஊரில் உடை ஒருபோதும் துணி மட்டுமாக இருந்ததில்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். அன்றைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயோ இடுப்புக்கு மேலேயோ துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மார்பை மூடக் கூடாது. பொன், வெள்ளி நகை கூடாது. பூ, மஞ்சள் கூடாது. குடை, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன.

அதற்கும் முன்னால் தெற்கே திருவிதாங்கூரில் தோள்சீலைப் போராட்டம். பல பத்தாண்டுகள் நடந்த அந்தப் போராட்டத்தின் முடிவில் 1859-இல் வந்த அரச அறிவிப்பு நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்றது. அதிலும் ஒரு வால் இருந்தது: உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது. உடுத்தலாம், ஆனால் எங்களைப் போல உடுத்தாதே.

பாபாசாகேப் இதைத் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தார். 1927 டிசம்பரில் மகாடில் கூடிய பெண்களிடம், தீண்டாமையின் அடையாளமாக இருக்கும் உடுப்பு முறையையும் நகைகளையும் விடச் சொன்னார், புடவையைக் கணுக்கால் வரை இறக்கிக் கட்டச் சொன்னார். அந்தப் பெண்கள் உடனே கட்டையும் மாற்றினார்கள். அங்கே புடவை நீண்டது விடுதலை. முழங்காலுக்குக் கீழே துணி போகக் கூடாது என்று அடித்த சமூகத்தில் அதுதான் விடுதலை. ஆக, நீளத்துக்கென்று நிலையான பொருள் கிடையாது. யார் அளந்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

ராமநாதபுரத் தடைகள் வந்து சரியாக ஐந்தாண்டு கழித்து, 1935 டிசம்பரில், சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையின் வைரவிழா மாநாட்டில் ருக்மிணி தேவி அருண்டேல் ஆடினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ரா பிறந்தது. அவர் ரஷ்ய பாலே மேதை அன்னா பாவ்லோவாவின் நட்பைப் பெற்றவர், பாலே பயின்றவர். சதிர் என்று அதுவரை வழங்கிய ஆட்டத்தை மயிலாப்பூர் கௌரி அம்மாள், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஆகியோரிடம் கற்றார். உடையை மாற்றினார். பைஜாமாவின் மேல் கனத்த புடவையைச் சுற்றிக் கட்டும் பழைய முறைக்குப் பதிலாகக் கோயில் சிற்பங்களைப் பார்த்து, விசிறி மடிப்போடு தைத்த உடை வந்தது. இன்று பரதநாட்டிய உடை என்று நாம் அறிவது அந்த மரபில் வந்ததுதான். அழகான உடை, வேலைக்கு ஏற்ற உடை. அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

ஆனால் அந்தத் தையல் இன்னொரு வேலையையும் செய்தது. இது தாசிகள் ஆடியது அல்ல என்று சபாவுக்குச் சொன்னது. 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்காகப் போராடிய முத்துலட்சுமி ரெட்டியும், அந்தச் சமூகத்திலிருந்தே எழுந்து வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் நம் வணக்கத்துக்கு உரியவர்கள். பொட்டுக்கட்டுதல் ஒழிந்தே தீர வேண்டிய கொடுமை. ஆனால் கொடுமை போனபோது ஆட்டம் வேறு வீட்டுக்குப் போனது, ஆடியவர்கள் வெளியே நின்றார்கள். அந்த மரபில் பிறந்த பாலசரஸ்வதி கடைசிவரை தன் வழியில் ஆடி, இந்த "தூய்மைப்படுத்தலை" எதிர்த்துப் பேசினார்.

அவருக்காவது ஒரு சபா இருந்தது. திருவள்ளூர், வேலூர் வட்டாரங்களில் அருந்ததியர் வீட்டுச் சிறுமிகளை மாதம்மாவாகப் பொட்டுக்கட்டித் திருவிழாவில் ஆடவிட்ட வழக்கத்தைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரியும். இந்த மலையடிவாரத்திலிருந்து அது அதிக தூரம் இல்லை. அந்தப் பெண்கள் ஆடியதைச் சிற்பத்தோடு ஒப்பிட்டு உடை தைத்துத் தர எவரும் வரவில்லை. ஆட்டமும் மதிக்கப்படவில்லை, ஆடியவர்களும் காப்பாற்றப்படவில்லை.

இந்தப் பின்னணியோடு கரகத்துக்கு வாருங்கள். சின்னம்மாவிடம் ஒருமுறை, "ஏன் சின்னம்மா, சேலையில ஆடினா என்ன?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "தலையில செம்பு நிக்கும்போது ஏணி ஏறணும் பாப்பா. தாம்பாளத்து விளிம்புல நிக்கணும். பின்னால வளைஞ்சு கண்ணால ஊசி எடுக்கணும். சேலை தடுக்குனா செம்பு விழும். செம்பு விழுந்தா மறுவருசம் கூப்பிட மாட்டாங்க" என்றார். கமார்கோ பாவாடையை உயர்த்திய அதே காரணம். கமார்கோவின் பெயர் நடன வரலாற்றில் இருக்கிறது.

பிறகு அவரே சொன்னார்: "ஆனா நான் மொத மொதல்ல ஆடுறப்ப முழங்கால் வரைக்கும் இருந்துச்சு. அதுக்கு மேல ஏத்துனது நாங்க இல்ல." ஒரு திருவிழாவுக்கு முன்பணம் கொடுக்க வந்த கமிட்டிக்காரர், போன வருடம் மாதிரி வந்தால் மீதிப் பணம் கிடையாது, குட்டையாகப் போட்டு வா என்றார். அதே கமிட்டி காவல் நிலைய அனுமதிக்காக, ஆபாச உடை, ஆபாச ஆட்டம் இருக்காது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. நடுராத்திரியில் புகார் வந்தபோது வண்டியில் ஏற்றப்பட்டவர்கள் ஆடிய பெண்கள். கையெழுத்துப் போட்டவர் வீட்டுக்குப் போய்த் தூங்கினார். அன்றைக்கு உடை மாற்ற அவர்களுக்குக் கிடைத்த இடம் பால்வாடிக்குப் பின்புறம். இரண்டு பேர் சேலையைத் திரைபோலப் பிடித்துக்கொள்ள, ஒருவர் உள்ளே மாற்றுவார். திரைக்கு அந்தப் பக்கம் கைப்பேசி வெளிச்சம். பாரிஸ் அரங்கின் கறுப்புக் கோட்டுக்காரர்கள் நினைவுக்கு வருகிறார்களா?

இந்த வட்டாரத்தில் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். கட்டை வேடக்காரர் இடுப்பைச் சுற்றித் துணியை அடுக்கடுக்காகக் கட்டிப் பாவாடை புடைக்க வருவார். அவர் ஆண், அது வீரம். பாஞ்சாலி துகிலை இழுக்கும்போது ஊரே கண்ணீர் விடும். அந்த வேடம் கட்டியவரும் ஆண். அதே திருவிழாவின் அடுத்த இரவில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண் ஒருத்தி கரகத்தோடு வந்தால் விசில் பறக்கிறது. பாஞ்சாலிக்கு அழுத ஊர் இவளுடைய சேலைத் திரையை எட்டிப் பார்க்கிறது.

சட்டத்தின் கண்ணும் இதேபோலத்தான் பார்த்திருக்கிறது. 2005-இல் மகாராஷ்டிர அரசு மதுக்கூடங்களில் பெண்கள் ஆடுவதைத் தடைசெய்தது. மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள விடுதிகளுக்கு விலக்குத் தந்தது. ஆடியவர்களில் பலர் பரம்பரையாக ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்ட ஒடுக்கப்பட்ட சமூகப் பெண்கள். ஏழை பார்த்தால் ஆபாசம், பணக்காரன் பார்த்தால் கலை என்ற இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 2013-இல் ஏற்க மறுத்தது. இங்கே திருவிழா ஆடல் பாடலுக்கு நீதிமன்றம் அனுமதி தரும்போதெல்லாம் ஆபாச உடை கூடாது என்ற நிபந்தனை இருக்கும். ஆபாச உடையில் ஆடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, உடை மாற்ற அறை தர வேண்டும் என்ற நிபந்தனையையும் அதோடு சேர்த்துக் கேட்க வேண்டியவர்கள் நாம்.

ஆடுபவர் விருப்பமே எல்லாம் என்றும் சொல்லிவிட முடியாது. கரக இரவுகளில் குறவன் குறத்தி ஆட்டம் என்ற பெயரில் ஒரு சமூகத்தையே கேலிப் பொருளாக்கி ஆடினார்கள். தங்கள் பெயரில் இழிவான உடையும் பேச்சும் வேண்டாம் என்று குறவர் சமூகத்தவர் நீதிமன்றம் போனார்கள். 2023-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்குத் தடை விதித்தது. அது சரியான தீர்ப்பு என்பதே என் கருத்து. இழிவுக்கு ஆளானவர்களே எழுந்து பேசிப் பெற்ற தீர்ப்பு அது. அதை ஒழுக்கக் காவலர்களின் வெற்றியாகக் கணக்கெழுத விடக் கூடாது.

நம் இயக்கத்துக்குள்ளும் ஒரு விவாதம் இருக்கிறது. சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம் என்று நம் முன்னோர் குச்சியைக் கீழே வைத்தார்கள். அதுபோல நம் பெண்கள் இந்தப் பாவாடையையும் கழற்றி எறிய வேண்டும் என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். அந்தக் கோபத்தை மதிக்கிறேன். ஆனால் பறையை நாம் விட்டுவிடவில்லை. ஊர் கூப்பிட்டால் அடிப்பதை விட்டோம். நமக்காக, நம் மேடையில், சலங்கை கட்டி, நாம் தேர்ந்த உடையில் அடிக்கத் தொடங்கினோம். இன்று பெண்களும் அடிக்கிறார்கள். கரகத்துக்கும் அந்த வழி உண்டு. அதைத் திறக்க வேண்டியவர்கள் ஆடுகிற பெண்கள். நான் உட்பட, ஆட்டம் போட்ட சோற்றில் படித்துவிட்டு அதைக் குறித்து வெட்கப்பட்டவர்கள் அவர்களுக்குப் பாடம் நடத்தக் கூடாது.

மாணவர்களுக்கு மூன்று வேலைகள் சொல்லி முடிக்கிறேன். முதலாவது, உங்கள் ஊர்த் திருவிழாவில் ஆட வரும் பெண்களுக்குக் கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஓர் அறை கேளுங்கள். பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றின் சாவி போதும். இரண்டாவது, முன்பணச் சீட்டில் உடையை முடிவு செய்வது ஆடுபவர்தான் என்று ஒரு வரி எழுத வையுங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதியாதவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுங்கள். மூன்றாவது, எழுதுங்கள். கரின்ஸ்காவின் பெயர் உலகத்துக்குத் தெரிகிறது. நம் ஆட்டக்காரிகளுக்குச் சமிக்கி வைத்துத் தைத்த தையற்காரர்களைப் பற்றி, எந்த ஆண்டில் எந்த அளவு மாறியது, மாற்றச் சொன்னது யார் என்பதைப் பற்றி ஒரு பக்கம்கூட நம்மிடம் இல்லை. வயதான கலைஞர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

சின்னம்மா இப்போது ஆடுவதில்லை, முழங்கால் போய்விட்டது. பழைய பாவாடை ஒன்றைப் பெட்டியில் வைத்திருக்கிறார். இங்கே வரும் முன் அதைக் கேட்டேன். "கூட்டத்துல காட்டவா? சிரிப்பாங்களே பாப்பா" என்றார். "சிரிக்க மாட்டாங்க சின்னம்மா" என்றேன். இதோ, இந்த மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வந்து பாருங்கள். உள்ளே நாலு அடுக்கு நெட்டுத் துணி, அத்தனையும் கைத்தையல். வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று இனி யாராவது கேட்டால், என் சின்னம்மா கரகாட்டக் கலைஞர்.